எத்தனை யூ என்று கேட்கும் முன் ஆழத்தை அளந்தீர்களா?

வாசகர் கேள்வி – பதில்

கடைக்கோ ஆபீசுக்கோ சொந்தமாக ஒரு சர்வர் (மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவாக இரவு பகலாக ஓடுகிற கம்ப்யூட்டர்) வைத்துக்கொள்வதென்றால் அதை மேஜைக்கடியில் தள்ளாமல் ராக்கில், அதாவது ஸ்குரூ ஓட்டை போட்ட தூண்கள் உள்ள இரும்புச் சட்டத்தில், மாட்டுகிற பெட்டியாக வாங்குங்கள், காலில் இடிபடாது, துடைப்பம் படாது, ஒயரை யாரும் தெரியாமல் பிடுங்க மாட்டார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாருமே "எத்தனை யூ?" என்றுதான், அதாவது பெட்டியின் உயரத்தைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறீர்கள். முன்னாலிருந்து பின்னால் வரை ஆழம் எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கவலை, ஏனென்றால் பெட்டி வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைகிறவர்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கேள்வி: எங்களுக்கு விசைத்தறிக் கூடம், அதை ஒட்டியே ஆபீஸ். கணக்கு சாஃப்ட்வேர், 8 கேமராவின் பதிவு, இரண்டையும் ஒரே மெஷினில் வைக்க ஆசை. சுவரில் ஏற்கெனவே 9 யூ நெட்வொர்க் ராக் மாட்டியிருக்கிறோம், வெளி ஆழம் 500 மி.மீ. என்று பில்லில் இருக்கிறது. நெட்வொர்க் ஒயர்கள் வந்து சேருகிற ஸ்விட்சும் பேட்ச் பேனலும் 2 யூ போக மீதி காலி. கடையில் 1 யூ பெட்டிதான் நல்லது, இடம் மிச்சம் என்கிறார்கள். தம்பி 2 யூ வாங்கச் சொல்கிறான். எதை வாங்குவது அண்ணா?
– அம்மாப்பேட்டை வாசகர், சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம், உங்களுக்கு 4 யூ, அதிலும் ஆழம் குறைந்த 4 யூ. ஏன் என்று கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், மற்ற வாசகர்களுக்கும் இது அடிப்படை.

யூ என்பது உயரம் மட்டும்தான். 1 யூ என்றால் 1.75 இன்ச், அதாவது 44.45 மி.மீ., 2 யூ அதில் இரண்டு மடங்கு, இப்படியே போகும். அகலம் எல்லாவற்றுக்கும் 19 இன்ச், ராக்கில் ஸ்குரூ போட முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பக்கக் காதுகளையும் சேர்த்து 482.6 மி.மீ. இது 1920களில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பெனி டெலிபோன் சாமான்களை மாட்டுவதற்கு வைத்துக்கொண்ட அளவு, இன்றைக்கும் மாறவில்லை, அதனால் யார் செய்த பெட்டியும் யார் செய்த ராக்கிலும் முன்பக்கம் பொருந்திவிடும். ஆழத்துக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. 2 யூ என்று போட்டு 350 மி.மீ. ஆழத்திலும் பெட்டி வருகிறது, 750 மி.மீ. ஆழத்திலும் வருகிறது, முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷம் முன்னால் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு ஆபீசுக்கு 2 யூ பெட்டி ஒன்று வரவழைத்தேன், ஆழம் 650. அவர்கள் சுவரில் இருந்தது 600 ஆழ ராக். பெட்டி பின் தகட்டில் முட்டிக்கொண்டு காது முன் தூணுக்கு வரவே இல்லை, இழுத்துப் பிடித்தால் கண்ணாடிக் கதவு மூடவில்லை, பின்னால் பவர் ஒயர் சொருகவும் இடமில்லை. கடைசியில் அவர்களை நிற்கிற மாதிரி பெரிய ராக் வாங்க வைத்தேன், அந்தச் செலவில் பாதியை நான்தான் ஏற்றுக்கொண்டேன், தப்பு என்னுடையது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் டேப் எடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் ராக்குக்கு வருவோம். 500 என்பது வெளி அளவு. முன் கதவுக்கும் ஸ்குரூ ஓட்டைகள் இருக்கிற முன் தூணுக்கும் நடுவில் ஒரு 50 மி.மீ. போய்விடும், பின் தகடு, சுவர்ப் பக்கத்துக் கம்பி எல்லாம் கழித்தால் தூணிலிருந்து பின்னால் 430 மி.மீ. கிடைத்தால் அதிகம். இதில் பவர் ஒயரும் நெட்வொர்க் ஒயரும் மடங்காமல் வளைய 75 மி.மீ. விட வேண்டும். ஆக உங்களுக்குப் பெட்டியின் ஆழம் 350 மி.மீ. சொச்சம், அதற்கு மேல் போகக் கூடாது.

இப்போது பெட்டிக்குள்ளே என்ன போகிறது என்று பாருங்கள். எல்லாப் பாகமும் சொருகுகிற மதர்போர்டு, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற அளவில் 244 மி.மீ., கேமரா பதிவுக்குப் போடும் பெரிய ஹார்ட் டிஸ்க் 146 மி.மீ. நீளம், நடுவில் ஃபேன் 25 மி.மீ. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 415, ஒயர் மடிப்புக்கு இடம் விட்டால் 450. 1 யூ, 2 யூ பெட்டிகளில் டிஸ்க்கை மதர்போர்டுக்கு மேலே தூக்கி வைக்க உயரம் கிடையாது, முன்னால்தான் வைத்தாக வேண்டும், அதனால்தான் உயரம் குறைந்த பெட்டிகள் நீளமாகப் போய்விடுகின்றன. 4 யூவில் உள்ளே ஏறக்குறைய முக்கால் சாண் உயரம் இருக்கிறது, டிஸ்க் கூண்டு மதர்போர்டுக்கு மேலேயே தொங்கும், அப்படித்தான் 350க்குள் எல்லாவற்றையும் அடக்குகிறார்கள். சுவர் ராக்குக்கு 1 யூதான் பொருத்தம் என்று கடையில் சொல்வது இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. இன்னும் சின்னதான மினி ஐடிஎக்ஸ் போர்டு போட்டு 2 யூவிலும் செய்யலாம், ஆனால் அப்போது டிஸ்க்குகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு எத்தனை டிஸ்க் வேண்டும்? ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்தால் 8 கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 345 ஜிபி, 30 நாள் வைத்திருக்க 10 டிபிக்கு மேல். அதற்கு இரண்டு பெரிய டிஸ்க். கணக்கு சாஃப்ட்வேருக்குத் தனியாக இரண்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிகிற மாதிரி. தயவுசெய்து கணக்கையும் கேமராவையும் ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள், கேமரா இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும், அது முதலில் போகும்போது உங்கள் லெட்ஜரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

அடுத்தது சத்தம். 1 யூவுக்குள் 40 மி.மீ. ஃபேன்தான் நுழையும், 2 யூவில் 80, 4 யூவில் 120. 120 ஃபேனின் பரப்பு 40 ஃபேனைப்போல் ஒன்பது மடங்கு. அந்தக் குட்டி ஃபேன் அதே காற்றைத் தள்ள நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும், கீச்சென்ற அந்தச் சத்தத்தில் போன் பேச முடியாது. தறிச் சத்தத்திலேயே இருக்கிறவர்களுக்கு இது என்ன பெரிது என்று தோன்றலாம், ஆனால் தறி ஒரு நேரம் நிற்கும், சர்வர் நிற்காது, கணக்கு எழுதுகிறவர் நாள் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார வேண்டும்.

எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, இன்னொரு விஷயம். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 86 மி.மீ. உயரம். 1 யூவில் அது போகவே போகாது, 40 மி.மீ. உயரமுள்ள தனி வகை வேண்டும். 2 யூ முழு உயரமே 88.9, தகடு கழித்தால் நுழைவது சந்தேகம், நுழைந்தாலும் அதன் ஃபேன் மூடியில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டும். 4 யூவில் கவலையே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோனால் ஏடிஎக்ஸ் என்றால் சேலத்தில் எந்த கம்ப்யூட்டர் கடையிலும் அரை மணியில் வாங்கி மாட்டிவிடலாம், 1 யூ வகை என்றால் வெளியூரிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். தொழில் செய்கிறவருக்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசியாகப் பஞ்சு. தறிக் கூடத்தை ஒட்டிய ஆபீசில் பஞ்சுத் தூசி வராமல் இருக்காது, அது முதலில் அடைப்பது குட்டி ஃபேனையும் சூட்டை இழுக்கிற நெருக்கமான தகடுகள் உள்ள ஹீட் சிங்க்கையும்தான். முன்பக்கம் கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் உள்ள பெட்டியாகப் பாருங்கள், வாரம் ஒரு தடவை ஃபில்டரை எடுத்துத் தட்டுங்கள். அப்புறம் யூபிஎஸ்ஸை அந்தச் சுவர் ராக்கில் ஏற்றாதீர்கள், பேட்டரி கனம், தரையிலேயே இருக்கட்டும். சர்வர் பெட்டிக்கு அடியிலும் ஒரு ட்ரேயோ எல் வடிவ ரெயிலோ கொடுங்கள், முன் காதில் நான்கு ஸ்குரூவில் மட்டும் தொங்கவிட்டால் நாளடைவில் பின்பக்கம் தாழ்ந்து காது வளைந்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபி எஸ்டேட், கூடவே எட்டு அறைத் தங்கும் விடுதி. பில்லிங், வைஃபை, கேமரா எல்லாவற்றுக்கும் ஒரு சர்வர், ரிசப்ஷனுக்குப் பின்னாலேயே வைக்கப் போகிறோம். மலை மேலே காற்று மெலிசு, சர்வர் சீக்கிரம் சூடாகும், ரொம்பப் பெரிய பெட்டியாக வாங்கு என்று ஒரு நண்பர் சொல்கிறார். எனக்கென்னவோ மூடுபனிதான் பயமாக இருக்கிறது.
– ஏற்காடு வாசகி

பதில்: உங்கள் பயம்தான் சரியான பயம், அம்மா. நண்பர் சொல்வதிலும் பொய் இல்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி சேலம் டவுனைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்றில் சரக்கு குறைவு, சூட்டை அந்த அளவுக்கு எடுத்துப் போகாது. சர்வர் அறைகளுக்கான வெப்ப அளவுகளில் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் உச்ச வெப்பத்தில் ஒரு டிகிரி குறைத்துக்கொள் என்றே சொல்லியிருக்கிறார்கள், உங்கள் ஊருக்கு இரண்டு டிகிரி வரும். ஆனால் கீழே சேலத்தில் சித்திரையில் 40ஐத் தொடும்போது உங்களுக்கு 30 வருவதே அபூர்வம். இரண்டு கொடுத்துப் பத்து வாங்குகிறீர்கள், அதற்காகப் பெட்டியைப் பெரிதாக்க வேண்டாம்.

ஆனாலும் நான் உங்களுக்கும் 4 யூதான் சொல்வேன், காரணம் வேறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஏற்காட்டில் பூச்சிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது, அந்த அமைதிக்காகத்தான் விருந்தினர்கள் காசு கொடுத்து மலை ஏறி வருகிறார்கள், ரிசப்ஷனுக்குப் பின்னால் 1 யூ ஃபேன் வீரிட்டுக்கொண்டிருந்தால் பக்கத்து அறைக்காரர் காலையில் புகார் சொல்வார். 120 மி.மீ. ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் இருப்பதே தெரியாது.

ஈரத்தைப் பற்றி: ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் சுற்றுப்புறத்தைவிட எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருக்கும், அதன்மேல் பனி இறங்கி நீர் கோக்காது. ஆபத்து அணைத்து வைக்கிற நாட்களில்தான். கூட்டம் இல்லாத மாதம் என்று கரண்டை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ராக்குக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வையுங்கள், திரும்ப வந்ததும் உடனே சுவிட்சைப் போடாமல் அறையைச் சூடேற்றி ஈரம் காயவிட்டு அப்புறம் போடுங்கள். மழைக்காலத்தில் வியர்க்கிற வெளிச்சுவரில் ராக்கை ஒட்ட வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். பழைய பங்களாவாக இருந்தால் பூச்சு உதிர்கிற சுவரில் 20 கிலோ பெட்டியைத் தொங்கவிடுவதே வேண்டாம், தரையில் நிற்கிற 15 யூ ராக் ஒன்று போதும், யூபிஎஸ் அடியில், சர்வர் அதற்கு மேல், ஸ்விட்ச் உச்சியில். ராக்கின் ஆழம் 600க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 800 என்றால் எந்தப் பெட்டி என்று யோசிக்கவே தேவையில்லாமல் பெரும்பாலானவை உட்காரும். அறைகள் தனித்தனிக் கட்டடமாக இருந்தால் கட்டடங்களுக்கு நடுவில் செம்பு ஒயர் இழுக்காமல் ஃபைபர் இழுங்கள், கோடை மழை இடியில் ஸ்விட்சும் சர்வரும் ஒன்றாகப் போவது அந்த ஒயர் வழியாகத்தான்.

அப்புறம் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டியைச் சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டுபோவீர்கள், 20 கொண்டை ஊசி வளைவு. ராக் பெட்டியில் மதர்போர்டு படுத்திருக்கும், அதன்மேல் புராசசரைக் குளிர்விக்கிற கூலர் நேராக நிற்கும், படுக்கை வாக்கில் இருக்கும் வரை அந்தக் கனம் போர்டை இழுக்காது. காரில் இடம் இல்லை என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்களென்றால் ஒவ்வொரு வளைவிலும் கூலர் போர்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். பின் சீட்டில் தட்டையாக வையுங்கள். ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி அவை வந்த நுரை உறையிலேயே போட்டு யாராவது மடியில் வைத்துக்கொள்ளட்டும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும்.

கேள்வி: ஓமலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மாணவர்களின் செயற்கை நுண்ணறிவு புராஜெக்ட்டுகளுக்கு இரண்டு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு சர்வர் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். 42 யூ ராக் ஒன்று சும்மா நிற்கிறது. 2 யூவில் முடித்துவிடலாமா சார், 4 யூ வேண்டுமா? பெட்டிகளுக்கு நடுவில் ஒரு யூ இடைவெளி விட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
– ஓமலூர் வாசகர்

பதில்: 2 யூ கிராபிக்ஸ் சர்வர்கள் உண்டு, ஆனால் அவை கம்பெனியே முழுதாகக் கட்டி விற்பவை, கார்டு, ரைசர் என்கிற இணைப்புப் பலகை வழியாகப் படுத்திருக்கும், காற்று கார்டின் உள்ளே நீளவாக்கில் புகுந்து போகிற மாதிரி அமைத்திருப்பார்கள். நீங்கள் பாகம் பாகமாக வாங்கிக் கட்டுவதென்றால் 4 யூதான். அதிலும் கார்டை வாங்கும் முன் உயரத்தைப் பாருங்கள், நீளத்தை எல்லாரும் பார்ப்பார்கள், உயரத்தை மறந்துவிடுவார்கள்.

முறையான முழு உயர கார்டு 111 மி.மீ. கேம் விளையாடுகிறவர்களுக்கான பெரிய கார்டுகள் அதைத் தாண்டிவிட்டன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090, அந்தக் கம்பெனியே வெளியிட்ட மாடல், 137 மி.மீ. உயரம், 61 மி.மீ. தடிமன், கார்டு சொருகுகிற இடத்தில் மூன்று ஸ்லாட்டை அடைத்துக்கொள்ளும். அதன் பவர் ஒயர் கார்டின் மேல் விளிம்பில் சொருகுகிறது, வளைவதற்கு முன் நேராக ஒரு 35 மி.மீ. வேண்டும். 137ம் 35ம் 172. 4 யூ என்பது வெளியே 177.8, மதர்போர்டு நிற்கிற குமிழ், அடித்தகடு, மூடி எல்லாம் கழித்தால் மீதி பற்றாது, மூடியைப் போட்டு அழுத்தினால் ஒயர் கனெக்டரைச் சாய்க்கும். 450 வாட் போகிற இடத்தில் கனெக்டர் சாய்ந்து நிற்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன், உருகிப்போகும். பவர் சொருகுமிடம் கார்டின் பின் முனையில் இருக்கிற ஒர்க்ஸ்டேஷன் வகைக் கார்டுகள் இரண்டு ஸ்லாட்டில் அடங்கும், உயரமும் 111க்குள் நிற்கும், சூட்டையும் பெட்டிக்கு வெளியே ஊதும். விலை அதிகம்தான், ஆனால் ராக்குக்கு அதுதான் பிறந்தது. பட்ஜெட் இடம் கொடுக்காது என்றால் 5 யூ பெட்டி தேடுங்கள், 42 யூ காலியாக இருக்கும்போது ஒரு யூவுக்கு என்ன கஞ்சத்தனம்.

அந்த 42 யூ ராக்கையும் அளந்து பாருங்கள். நெட்வொர்க்குக்கு வாங்கியதாக இருந்தால் ஆழம் 600 அல்லது 800 இருக்கும், முன் கதவு கண்ணாடியாக இருக்கும். சர்வருக்கு 1000 ஆழமும் ஓட்டை போட்ட கதவும் வேண்டும். கண்ணாடிக் கதவுதான் இருக்கிறது என்றால் கழற்றிவிடுங்கள், காற்று முன்னாலிருந்து புகுந்து பின்னால் போக வேண்டிய மெஷின் அது.

ஒரு யூ இடைவெளி விடுவது பற்றி: வேண்டாம். பெட்டியின் காற்று முன்னும் பின்னும்தான் போகிறது, மேலும் கீழும் இல்லை. நீங்கள் விடுகிற இடைவெளி வழியாகப் பின்னால் வந்த சூடான காற்று திரும்ப முன்னால் வந்து அதே காற்றையே சர்வர் மறுபடி உறிஞ்சும். காலி இடங்களை வெற்றுத் தகடு போட்டு மூடுங்கள், தகடு வாங்க முடியாவிட்டால் ஃபோம் ஷீட்டாவது வெட்டி ஒட்டுங்கள். ஏசி கணக்கும் சொல்லிவிடுகிறேன், இரண்டு 450 வாட் கார்டும் மற்றதும் சேர்த்து 1,150 வாட் என்றால் மணிக்கு ஏறக்குறைய 3,900 பிடியு (ஏசிக்காரர்கள் சூட்டை அளக்கிற அலகு) சூடு, ஒரு டன் ஏசியில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடும். முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் ஏற்கெனவே திணறுகிற ஏசி என்றால் இன்னொன்று கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அஸ்தம்பட்டியில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். சொந்தச் சர்வரைச் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு வைக்கப் போகிறோம். எத்தனை யூ?
– அஸ்தம்பட்டி வாசகர், சேலம்

பதில்: 1 யூ, யோசிக்கவே வேண்டாம். அங்கே வாடகை யூ கணக்கில்தான் வாங்குவார்கள், சத்தம் கேட்க யாரும் பக்கத்தில் உட்காரப் போவதில்லை, குளிர்ந்த காற்று முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், ராக் ஆழம் 1000க்குக் குறையாது. நான் மேலே 1 யூவுக்கு எதிராகச் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இல்லாமல் போய்விடுகிறது. 1 யூ முன்பக்கத்தில் பெரிய டிஸ்க் நான்குதான் குறுக்கே நிற்கும், அது போதுமா என்று மட்டும் பாருங்கள், போதாது என்றால் 2 யூ, அதில் பன்னிரண்டு நிற்கும். எஸ்எம்பிஎஸ் இரண்டு உள்ளதாக, ஓடும்போதே ஒன்றை உருவிச் சொருகுகிற வகையாக வாங்குங்கள், நள்ளிரவில் ஒன்று போனால் நீங்கள் சேலத்திலிருந்து பஸ் ஏற முடியாது. ரெயிலும் சேர்த்து வாங்குங்கள், பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டு போய் நின்றால் மாட்ட விடமாட்டார்கள். மெமரி வாங்கும்போது தலையில் அலங்காரத் தகடு வைத்தது வேண்டாம், 1 யூ மூடியில் இடிக்கும், வெறும் பலகையாக இருப்பது 31 மி.மீ., அது அடங்கும்.

கேள்வி: எங்கள் உறவினருக்கு ஷீட் மெட்டல் பட்டறை இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் மிச்சம் கிடக்கிறது. 4 யூ பெட்டியை நாங்களே வளைத்துச் செய்துகொள்ளலாமா?
– கொண்டலாம்பட்டி வாசகர், சேலம்

பதில்: தாராளமாக. சேலத்துக்காரர்கள் இரும்புத் தகட்டைக் கடையில் விலை கொடுத்து வாங்குவதைவிட இப்படிக் கேட்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மாட்டாது, அதனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன் தகடு அகலம் 482.6 மி.மீ. உயரம் 4 யூவுக்கு 177.8 வரும், ஆனால் அப்படியே வெட்டினால் மேலும் கீழும் உள்ள பெட்டிகளோடு உராயும், 177க்கு வெட்டுங்கள். காதுகளுக்குப் பின்னால் இருக்கிற உடம்பு 440ஐத் தாண்டக் கூடாது, ராக்கின் திறப்பு 450தான், பக்கத்தில் நழுவு ரெயில் போடுவதென்றால் அதன் தடிமனையும் இரண்டு பக்கமும் கழித்துக்கொள்ளுங்கள். இடது காது ஓட்டைக்கும் வலது காது ஓட்டைக்கும் மையத்திலிருந்து மையம் 465.1. அந்த ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் படுக்கைவாக்கில் நீள் ஓட்டையாகப் போட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகைச் சரிக்கட்டலாம்.

பட்டறைகளில் தவறுவது மேலிருந்து கீழ் ஓட்டைகளின் இடைவெளியில். எல்லாம் சம தூரம் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். ஒரு யூவுக்கு மூன்று ஓட்டை, இடைவெளி 15.875, 15.875, அப்புறம் 12.7, மறுபடி 15.875 என்று போகும். அந்த 12.7 இருக்கிற இடத்தின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது, அதாவது யூவின் விளிம்பிலிருந்து முதல் ஓட்டையின் மையம் 6.35. பட்டறைக்குப் போகும்போது ராக்கின் சதுர ஓட்டையில் மாட்டியிருக்கிற கேஜ் நட்டு ஒன்றையும் அதற்கான எம்6 ஸ்குரூ ஒன்றையும் கையில் எடுத்துப் போங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றி என் கருத்து, அதை முன் தகட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 2 மி.மீ. போதும், பார்வையாக இருக்கும். உடம்புக்கு 1.2 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் வளைத்த பிறகு திரும்ப விரியும், துளை போடப் போட இறுகிக்கொண்டே போய் ட்ரில் பிட்டை மழுக்கும், சின்னச் சின்ன ஓட்டை நூறு போட வேண்டிய வேலையில் உங்கள் உறவினர் பொறுமை இழந்துவிடுவார். மதர்போர்டு உட்காரும் தகட்டையும் பின்னால் கார்டு ஸ்லாட்டுகள் உள்ள பகுதியையும் நீங்களாக வெட்டவே வேண்டாம். பழைய சாமான் கடையில் செத்துப்போன ஏடிஎக்ஸ் கேபினெட் ஒன்றை வாங்கி அந்தப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து இதில் ரிவெட் அடித்துவிடுங்கள், அளவு எல்லாம் கம்பெனி போட்டதாகவே இருக்கும். மூடியில் காற்று ஓட்டை போடாதீர்கள், முன்னும் பின்னும் மட்டும் போதும். பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் தொடுகிற இடத்திலும் எர்த் ஸ்குரூ வருகிற இடத்திலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டிக் கொடுங்கள், பெயின்ட்டுக்கு மேல் முடுக்கினால் எர்த் கிடைக்காது, பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஒயர் நுழைகிற ஓட்டைகளின் விளிம்பை அரம் போட்டு ரப்பர் வளையம் சொருகுங்கள்.

தகட்டை வெட்டுவதற்கு முன் இதே அளவில் கெட்டி அட்டையில் ஒரு பெட்டி ஒட்டுங்கள். பின்னால் ஒரு பவர் ஒயரையும் சொருகி ராக்கில் வைத்து, கதவை மூடிப் பாருங்கள். மூடினால் பட்டறைக்குப் போகலாம்.